துணைக்கு யார்

சத்துவாச்சாரியில் வீடு கட்டியபோது
கிழக்கே ஓர் அறையை அதிகமாகப் போட்டார் இவர்.
பையன் வந்தால் தங்க.
பையன் தோஹாவிலிருந்து
இரண்டு வருஷத்துக்கொருமுறை வருகிறான்,
வந்தும் பாதி நாள் மாமியார் வீட்டில்.

அந்த அறையில் படுத்து எழுந்தவர்கள் வேறு:
ஆம்பூர்ச் சித்தப்பாவின் பித்தப்பைக் கல்,
போளூர் அண்ணியின் தைராய்டு,
எந்த வழியில் உறவென்று இன்றுவரை விளங்காத
கலசபாக்கத்துக்காரரின் இடது முழங்கால்.
நாலரைக்கு எழுந்து வாளியை உருட்டி
விடியுமுன் ஆஸ்பத்திரி வரிசைக்குப் போய்விடுவார்கள்.
எந்த ஆஸ்பத்திரி என்று
வேலூரில் யாரும் கேட்பதில்லை.

குடும்பச் சேதியெல்லாம் எங்களுக்கு
மஞ்சள் பையில், எக்ஸ்ரே உறையோடுதான் வரும்.
"வெறும் வயித்துல நூத்தி எழுபது" என்பார்கள்.
அதே மூச்சில்
பெரியவன் தனிக்குடித்தனம் போனதை,
கிணற்றுப் பங்கு கோர்ட்டுக்குப் போனதை,
நிச்சயம் பண்ணின பெண் மாட்டேன் என்றதை.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம்
ஊருக்கு ஊர் இணைத்துவிட்டவள் நான்.
அப்போது ஓர் அழுகைக்கு மூன்று நிமிஷம்.
இப்போது தோசை தீய்கிறது, அழுகை முடிவதில்லை.

இவருடையது ராணிப்பேட்டை பெல்லில்
வெல்டிங்குக்குப் படம் எடுத்துப் பார்த்த கண்.
யாருடைய இடுப்பெலும்பையும்
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
"ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவைப்பார்.
வருகிறவர்களுக்கு ஒரு நோட்டு,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது:
தேதி, பேர், சாப்பாடு, துணைக்கு யார்.
பங்குனி கடைசியில் ஒரு வியாழக்கிழமை
பேர் இல்லை. சாப்பாடு: உப்பில்லாமல்.
துணை: காலி.
"யாருங்க இது?"
"யாரோ ஒருத்தர். இன்னும் முடிவாகல."

அதற்கு முந்தின ஞாயிறு
சொல்லாமல் வந்து நின்றார் செங்கல்வராயன்,
இவரோடு ஒரே ஷிஃப்டில் பதினெட்டு வருஷம்.
கையில் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பா.
ஃபைல் இல்லை. மருந்துச் சீட்டு இல்லை.
ஏற இறங்கப் பார்த்தோம்.
"எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் இவர்.
"இன்னா டிபார்ட்மென்ட்டு?
சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நம்பவில்லை.
கடன் கேட்பார் என்று நானும்
நெஞ்சுவலியை மறைக்கிறார் என்று இவரும்
சமையலறையில் கிசுகிசுத்தோம்.
மனுஷர் ஆறு தோசை தின்றார்,
கத்திரிக்காய் கொத்சு மறுபடி கேட்டார்.
வெயில் தாழ்ந்ததும் இருவரும்
பாலாற்றுப் பாலம்வரை நடந்து
மணலைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேட்டார்:
"நீ எப்டி கீற தேவராஜு?"

இந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் கேட்காதது.
பீரோ திறக்கும் சத்தம்.
டியூப்லைட்டுக்குக் கீழே ஸ்டூல் இழுபடும் சத்தம்.
"தோ, இங்க. ரூட்டுல."
"ம்ம். பட்டாணி சைஸு."
"அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடலாம்ங்கிறாங்க."
"எந்த ஜாயின்ட்டுக்குடா ரிப்பேர் இல்ல?"
"அவளுக்குத் தெரியாது."

லைனில் ஆள் இருப்பது தெரியாமல்
மூச்சை அடக்கிக் கேட்பது
எங்கள் வேலையில் பழகிவிடும்.
குழாயை மூடினேன்.
பிறகு, மூடினால் தெரிந்துவிடுமே என்று
திறந்துவிட்டேன்.

காலையில் செங்கல்வராயனை
ஆற்காட்டு பஸ்ஸில் ஏற்றிவிட இவர் போனபோது
நோட்டை எடுத்தேன்.
வியாழக்கிழமை, நாலாவது கட்டத்தில்
லோகநாயகி என்று எழுதினேன்.
இவர் எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது,
கோட்டைத் தாண்டி.

பேடா இன்னும் ஏழு இருக்கிறது.
சனிக்கிழமை செய்யாற்று மாமா கிட்னியோடு வருகிறார்,
அவருக்குக் கொடுக்க முடியாது.
ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு
கேட் திறக்கும் சத்தத்துக்கு உட்கார்ந்திருந்தேன்.