உமி

இரவு ஒன்றரை.
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்
குளிரறைக் கதவை விரியத் திறந்துவைத்து
சுருள்குழாயில் கட்டிக்கிடந்த ஐஸுக்கு
குழாய்த்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.
போன். எத்துவார்.
பதினாலு மாசம் கழித்து.

"அக்கா, ஐஸை எப்படி எடுப்ப?"

சாப்பிட்டியா என்றில்லை, தூங்கலையா என்றில்லை.
ஐஸை எப்படி எடுப்ப.

பிரெஞ்சுக் காகிதம் கிடைத்த கையோடு போனவன்.
ஐந்து வருஷம் பட்டாளம், அப்புறம் ஏதோ மலை,
என் வாயில் நுழையாத ஊர்.
பனியில் ஓடும் வண்டிகளைத் துடைத்து நிறுத்துவது வேலையாம்.
வீடியோவில் காட்டினான்:
முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை,
பின்னால் புல்டோசருக்கு இருப்பதுபோல் ஒரு பட்டை, ரப்பரில்.
இடுக்கெல்லாம் வெள்ளையாய் இறுகியிருந்தது.
இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை.
விடிந்தால் முதலாளி வருவான்.

அவன் கையில் சுத்தியல்.
இரும்பு.

"மொதல்ல அதக் கீழ வை."

சொன்னேன், நான் ஸ்குரூடிரைவரால் குத்திய கதையை.
உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்,
கேஸெல்லாம் போச்சு, பன்னிரண்டாயிரம்,
கூடவே நாலு பெட்டி இறால்.

"வெந்நி ஊத்தட்டா?"
"உங்க ஊர்ல அது வழியிலயே ஐஸாயிடும்டா.
பின்பக்கத்தத் தூக்கு, முட்டுக் குடு,
பட்டை தரையில படக்கூடாது.
பக்கவாட்டுல மரக்கட்டையால தட்டு.
தட்டுன்னேன், அடிக்கச் சொல்லல."

அந்த வண்டியை நான் தொட்டதில்லை.
ஐஸ் எங்கே போய் உட்காரும் என்பது தெரியும்:
ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில்,
யாரும் கைவிடாத சந்தில்.

டொக். டொக்.
அவன் மூச்சு புகையாய் வந்து திரையை மறைத்தது.
இங்கே என் கழுத்தில் வேர்வை.
ஒரு பாளம் பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்டது,
பின்னாலேயே பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை, சந்தோஷமாக.
பட்டை சுற்றியது. தூள் சிதறிப்
போனெல்லாம் வெள்ளை.

"தெனம் இப்படித்தான் ஆவுதுக்கா."
"நிறுத்தும்போது அடியில ரெண்டு பலகை போடு.
தரையோட ஒட்டாது.
நாங்க பாருக்கு நடுவுல உமி தூவறோமில்ல,
அதுபோல."
"இங்க உமிக்கு எங்க போறது?"

சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா, தெரியவில்லை.
நெல்லித்தோப்பு வீட்டுப் பத்திரத்தில்
நான் போடாத கையெழுத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.
எடுத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும்
இஞ்சின் மட்டும்.

"சரி, வைக்கறேன்."
"கையுறை மாட்டிக்க."
வைத்துவிட்டான். கேட்டதோ என்னவோ.

கலியபெருமாள் ஐஸ் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான்.
"யாருக்கா இந்நேரத்துல?"
"ஐஸ் கட்டிக்கிச்சாம், கேட்டாங்க."

கதவு திறந்தே கிடந்ததில்
நாலு டிகிரி ஏறியிருந்தது.
வஞ்சிரப் பெட்டிமேல் கைவைத்துப் பார்த்தேன்.
தாங்கும்.