கழித்தால் ஒன்பது

யாப்ஸெம்முக்கும் துவான்மின்னுக்கும் நடுவே
வரைபடத்தில் இருபத்தாறு கிலோமீட்டர்.
விமானத்துக்கு ஒன்பது நிமிடம்,
எதிர்க்காற்று இருந்தால் பதினொன்று.
நடந்தால் மூன்று பகல், இரண்டு இரவு,
ஆடுகிற ஒரு பிரம்புப் பாலம்.
அட்டைகள் கணக்கில் இல்லை.

நான் யாப்ஸெம்மில் தரையில் நிற்பவன்.
புல் ஓடுபாதையில் பன்றி விரட்டுவது,
கிழங்கு மூட்டையை நிறுப்பது,
அதே தராசில் ஆளை நிறுப்பது,
காலை ஆறரைக்கு ரேடியோவில் மேகம் சொல்வது.
துவான்மின்னில் இதே வேலைக்கு யொமினா.

"கணவாய் திறந்திருக்கு" என்பாள்.
"இங்கே பாதி" என்பேன்.
"மழை?"
"வாசனை மட்டும்."

பத்து வருடம்.
அந்தக் குரலில் எப்போதும் ஒரு கரகரப்பு.
அவளுடையதா, பேட்டரியுடையதா,
கேட்டதில்லை.

எங்கள் பேச்சில் புறாவுக்கும் விமானத்துக்கும்
ஒரே சொல்தான்: பாலுஸ்.
"பாலுஸ் கிளம்பிடுச்சு" என்று அவள் சொல்லும் நேரத்தை
பென்சிலால் எழுதுவேன்.
சக்கரம் புல்லைத் தொட்ட நேரத்தை
அதற்குக் கீழே.
கழித்தால் ஒன்பது.
பள்ளிக்கூடம் எனக்குத் தந்ததில்
மிஞ்சியது இந்த ஒரு கணக்கு.

ஒருநாள் ஏறி வாயேன் என்பார் பைலட் வில்லெம்.
டிக்கெட் ஒன்றரை மூட்டைக் காப்பிக்கொட்டை விலை.
அதுகூடப் பரவாயில்லை.
நான் ஏறினால் இங்கே பன்றியை யார் விரட்டுவது?
அவள் ஏறினால் அங்கே மேகத்தை யார் சொல்வது?
ஒருவர் பறக்க ஒருவர் தரையாக வேண்டும்.
நாங்கள் இருவருமே தரை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை
மேகம் சொன்னது ஏதோ ஒரு பையன்.
"கணவாய்… திறந்த மாதிரிதான்."
மாதிரி என்றால் என்னடா என்று கத்தினேன்.
ஒன்பது நிமிடத்தில் பாலுஸ் இறங்கியது.
நான்கு பேர். நான்காவதாக ஒரு பெண்,
கன்னம் பூசணியாய் வீங்கி
தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள்.
கடற்கரை ஆஸ்பத்திரிக்கு, பல் பிடுங்க.
பட்டியலில் பெயர்: யொமினா.

பத்து வருடமாய் குரல் மட்டுமே தெரிந்தவளை
குரல் இல்லாமல் பார்த்தேன்.

காப்பி மூட்டை ஏற்ற வேண்டியிருந்ததால்
எல்லோரையும் மறுபடி நிறுத்தேன்.
முள் ஐம்பத்தெட்டில் நடுங்கி நின்றது.
பை ஏழு.
வேறென்ன கேட்பது என்று தெரியாமல்
"மழை?" என்றேன்.
அவள் சிரிக்கப் பார்த்து, வலித்து,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.
பிறகு நான் திரும்பிப் பார்க்காத மேற்கு முனையைக் காட்டி
விரல்களை மெல்ல மடக்கினாள்.
கணவாய் மூடிக்கொண்டிருந்தது.
வில்லெமைக் கூப்பிட்டேன். ஓடினோம்.
ஒரு மூட்டை ஏற்றாமலே கிளம்பிவிட்டது.

கிளம்பிய நேரத்தை எழுதினேன்.
அதற்குக் கீழே எழுத
கடற்கரையில் எனக்கு யாரும் இல்லை.
அந்தப் பக்கத்தில் பாதி இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

பன்னிரண்டு நாள் அந்தப் பையனோடு மல்லுக்கட்டினேன்.

பதின்மூன்றாம் நாள் ஆறரைக்கு
"கணவாய் திறந்திருக்கு."
அதே கரகரப்பு. ஆக, பல்லுடையது இல்லை.
"இங்கே பாதி" என்றேன்.
ஏழு பத்துக்கு மறுபடி வந்தாள்:
"பாலுஸ் கிளம்பிடுச்சு."
அந்த 'ஸ்'ஸில் புதிதாக ஒரு சீழ்க்கை,
பல் இருந்த இடத்தின் வழியே காற்று.

ஏழு பத்து என்று எழுதிவிட்டு
பன்றி விரட்டப் போனேன்.
அன்றைக்கு எதிர்க்காற்று. பதினொன்று.