நடந்த பிறகு நடப்பது

காலை ஐந்தே முக்கால். அஞ்செட்டிச் சோதனைச் சாவடி.
ஜீப்பில் ஏழு பேர், எட்டாவதாக நான்.
முன் இருக்கையில் வழிகாட்டி கெம்பம்மா,
காக்கிச் சட்டைக்கு மேல் ஆண்கள் போர்த்தும் சால்வை.
"பேசலாம். கத்தக் கூடாது.
சென்ட் போட்டவங்க காத்துக்குக் கீழ உக்காருங்க."
காற்று எந்தப் பக்கம் என்று
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில்
ஒரு மயில். தூரத்தில் மான்கள் நான்கு, அல்லது புதர்கள் நான்கு.
நீர்மருது உச்சியில் வால் மட்டும் தெரிந்த மலையணில்.
"ஒட்டகச்சிவிங்கி எப்ப வரும்?" என்றான்
பாகலூர்க்காரர் மகன் தருணேஷ்.
ஜீப்பே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
நான் அதன் கூட நடந்திருக்கிறேன்.

நைவாஷாவில் ரோஜாப் பண்ணை, மூன்று வருஷம்.
ஓசூரில் படித்த கவாத்தை அங்கே விற்றேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் கொண்டுபோய்
ஏரிக்கு நடுவே இறக்கிவிட்டாள் நியம்புரா:
இங்கே சிங்கம் கிடையாது, பயப்படாமல் நட.
நடந்தேன்.
ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவைத்து
பதினேழு ஒட்டகச்சிவிங்கிகள்
எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லாத நடை.
நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு அவற்றுக்குப் பிறவியிலேயே.
முள்ளை விட்டு இலையை மட்டும் உருவின பதத்தில்
என் பண்ணையில் யாரும் ரோஜா பறித்ததில்லை.
ஒன்று குனிந்து என்னைப் பார்த்தது.
பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் போனது.
அதை ஒரு மரியாதையாக
இன்றுவரை வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் தருணேஷிடம் சொன்னேன்.
"அப்ப யானை கூட நடக்கலாமா?"
கெம்பம்மா திரும்பாமலே சொன்னாள்:
"கூட நடக்க முடியாது கண்ணு.
அது நடந்த பிறகு நடக்கலாம்."

பத்து மணிக்கு இறங்கினோம். ஒற்றை வரிசை.
ஓடை மணலில் முன்னங்கால் தடம்,
கழுவிக் கவிழ்த்த களித் தட்டு அளவு.
சால்வை முடிச்சிலிருந்து கயிறெடுத்துச் சுற்றினாள்,
இரண்டால் பெருக்கினாள்: "ஒம்பதடிக்கு மேல நிக்கும்.
ஆணு. தனியா.
சானமாவு பக்கம் போயிட்டுத் திரும்பியிருக்கு."

அப்புறம் சாணம்.
குச்சியால் பிட்டு ஒவ்வொன்றாய் ஒதுக்கினாள்.
மூங்கில் நார். புளியங்கொட்டை.
அரைகுறையாய்ச் செரித்த ராகிக் கதிர்.
பச்சையாய் ஒரு முழ நீளத்துக்கு வலை.
"பூப் பண்ணையில கட்டுறது," என்றாள்,
யாரையும் பார்க்காமல்.

எனக்குத் தெரியும் அந்த வலை.
ஐம்பது சதவீத நிழல், ஓரத்தில் இரட்டைத் தையல்.
போன தை மாசம் நாலரை ஏக்கருக்கு
கையெழுத்துப் போட்டு இறக்கினேன், சோலார் வேலியோடு.
"குறுக்க ஒரு தடம் இருக்குது சார்," என்றார் மேஸ்திரி.
"ஆட்டுத் தடமா?" என்றேன்.
அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.
வரைபடத்தில் கோடு நேராக இருந்தது.
கோடு நேராக இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

"அதுக்கு வயிறு வலிக்குமா?" தருணேஷ்.
யாரும் பதில் சொல்லவில்லை.
வலையைத் தண்ணீரில் அலசிச் சட்டைப் பையில் வைத்தேன்.
"காட்டுப் பொருள் எதையும் எடுக்கக் கூடாது சார்,"
என்று மனப்பாடமாய் ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.
"அது காட்டுப் பொருளு இல்ல. எடுத்துக்குங்க."

மதியம் தயிர் சாதம். தொட்டுக்கொள்ள மாங்காய்.
சாயங்காலம் திரும்பும் வழியில் நொகனூர்க் காட்டு ரோட்டில்
இன்ஜினை அணைக்கச் சொன்னாள்.
மரம் முறியும் சத்தம்.
பிறகு முறியாத சத்தம்.
பன்னிரண்டு நிமிஷம் ஏதோ ஒன்று
எங்களைப் பார்த்ததோ இல்லையோ தெரியாமல்
ரோட்டைக் கடந்தது,
அல்லது கடக்காமல் நின்றது.
ஈர வைக்கோல் வாசனை.
பையனின் கை என் கைக்குள் எப்போது வந்ததென்று தெரியவில்லை.

இறங்கும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்:
பார்த்த விலங்குகளின் பெயரை எழுதவும்.
தருணேஷ் எழுதினான்,
யானை. கால் மட்டும்.

பேனாவை என்னிடம் நீட்டினான்.
எதுவும் எழுதாமல் வாங்கிச் சட்டைப் பையில் செருகினேன்.
உள்ளே போகவில்லை.
வலை தடுத்தது.