ஷாசியே போட்ட வளையல்

எர்சுருமில் பனி முழங்கால் வரை.
ஞாயிற்றுக்கிழமை ஷாசியே மகனுக்குக் கல்யாணம்.
பதினோரு வருஷம் முன்பு என் மகள் குலிசாருக்கு
அவள் போட்டது பதினைந்து கிராம் வளையல்.
நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்:
ஷாசியே, ஒன்று, இருபத்திரண்டு காரட்.
வாங்கியதைத் திருப்பி வைக்காத வீட்டாருக்கு
இந்த ஊரில் தேநீர்கூட ஆறித்தான் வரும்.

அதே மாதிரி ஒன்று வேண்டுமென்று காட்ட,
மகள் என்னிடம் விட்டுப்போன பழையதைக்
கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனேன்.

நகை பார்க்கத் தெரியாதவள் அல்ல நான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தால்
வாசலுக்கு எடுத்துவந்து பனி வெளிச்சத்தில் பார்ப்பேன்.
முத்திரையை நகத்தால் தடவுவேன்:
அடித்ததா, வார்த்ததா.
பற்றவைத்த இடத்தில் நிறம் மாறுகிறதா,
கொக்கிக்குள் இரும்புச் சுருள் ஒளிந்திருக்கிறதா.
அதற்கென்றே கோட்டுப் பையில் ஒரு காந்தம்,
பழைய குளிர்பெட்டிக் கதவிலிருந்து கழற்றியது.
கல்லை விட்டுவிட்டுப் பொன்னை நிறு என்பேன்.
கூலி எவ்வளவு, அதை முதலில் சொல் என்பேன்.
கடைக்காரர்கள் என்னைக் கண்டால்
தேநீர் சொல்வதற்கு முன் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் மொய்யாக வந்த நகையை
யார் உரைத்துப் பார்ப்பார்கள்?

ஜெவாத், கேட்காமலே, பழக்கதோஷத்தில்
கறுப்புக் கல்லை எடுத்தான்.
வளையலின் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறு,
பிறகு கல்லில் ஒரு இழுப்பு.
பக்கத்தில் தன் ஊசியால் இன்னொரு இழுப்பு.
இரண்டு மஞ்சள் கோடுகள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.
கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு அமிலம்.
ஒன்று அப்படியே இருந்தது.
மற்றது,
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல்
பழுப்பாகி, மங்கி, போயே போய்விட்டது.

"பதினாலு, அக்கா. முத்திரை பொய்."
பென்சிலால் கணக்குப் போட்டான்.
"இதிலுள்ள பொன்னுக்கு ஈடாக நீங்கள் வைக்க வேண்டியது
ஒன்பதரை கிராம். மேலே ஒரு குன்றிமணி வேண்டாம்."

அந்த வருஷம் சர்க்கரை ஆலையில் ஆள் குறைத்தார்கள்.
அவள் கணவன் ரஹ்மியின் பெயர் முதல் பட்டியலில்.
"ஒரு வளையல், இருபத்திரண்டு" என்று மைக்கில் ஒருவன் கத்த,
ஷாசியே என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி
கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.
பாசம் என்று நினைத்தேன்.
பாசமாகவும் இருந்திருக்கலாம்.
அவளையே எவனாவது ஏமாற்றியும் இருக்கலாம்.
உரைகல் மாற்றைச் சொல்லும்,
மனசைப் பற்றி அதற்கென்ன தெரியும்.

குலிசாருக்கு அதை விற்க ஒருநாளும் நேரவில்லை.
நேர்ந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.
தெரிந்துதான் போட்டாள் என்றால்,
இவர்களுக்கு நகை விற்கும் காலம் வரவே கூடாதென்று
பதினோரு வருஷமாய் ஐந்து வேளைத் தொழுகையிலும்
அவள் வேண்டியிருப்பாள்.
எங்கள் நலனுக்காக
இத்தனை பயத்தோடு வேண்டியவர் வேறு யார்?
என் கூடப்பிறந்தவள்கூட இல்லை.

"ஒன்பதரைதானே?" என்று தட்டை நகர்த்தினான் ஜெவாத்.
பதினைந்து என்றேன்.
அதையும் கல்லில் உரை என்றேன்.
அவன் முகம் சுண்டியது. சுண்டட்டும்.
கோடு நின்றது.
பாதி ரொக்கம், மீதி நான்கு தவணை.
சிவப்பு நாடா மட்டும் இலவசம்.

ஞாயிறன்று பழையதை நானே போட்டுக்கொண்டு போவேன்,
அரம் பட்ட பக்கம்
தோலோடு ஒட்டியிருக்கும்படி.