மூன்று எழுத்து

தொலைபேசியில் உத்தரவு வந்தது:
புதுப் படிவங்கள் அச்சாகி வர மாதங்கள் ஆகும்.
அதுவரை இருப்பில் உள்ளவற்றில்
முதல் மூன்று எழுத்தை அடித்துவிடவும்.

நேப்.
மக்கள் என்று பொருள்.
ஹங்கேரிய மொழியில் மக்களும் குடியரசும்
இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கும் ஒரே சொல்.
அறுத்தால் தழும்பு தெரியாது என்றார் மேலதிகாரி.
தெரிந்தது.
பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய குடியரசு
சின்ன எழுத்தில் தொடங்கி நின்றது,
யாரோ தொப்பியைப் பிடுங்கிக்கொண்ட ஆள் மாதிரி.

மாக்கோ நகரமன்றம், பதிவு அலுவலகம்.
எண்பத்தொன்பது, அக்டோபர் கடைசி.
ஜன்னலுக்கு வெளியே வெங்காய லாரிகள்.
ஒரு மர அளவுகோல், ஒரு புட்டி கறுப்பு மை,
நாளைக்கு இருநூறு தாள்.
இன்று இருநூறு முறை மக்களை அடித்தேன் என்று
சாப்பாட்டு வேளையில் சொன்னேன்.
கணக்கர் ரெஜோ மட்டும் சிரித்தார்,
பிறகு பழக்கத்தில்
கதவைப் பார்த்தார்.

அந்தச் சொல் தலைப்பில் இருந்த நாற்பது வருஷமும்
இறைச்சிக் கடை வரிசையில் எங்களை யாரும்
அப்படி அழைத்ததில்லை.
"அடுத்த ஆள்" என்றுதான் அழைத்தார்கள்.

கீழ்த்தட்டில் அதற்கும் முந்தைய பேரேடுகள்.
அரசனே இல்லாத காலத்தில்
முடியரசு என்று அச்சடித்தவை.
காலி நாற்காலிக்கும் கிரீடம் வரைந்த முத்திரை.
வாசலில் எழுதியிருப்பவர்
வீட்டில் இருந்தாக வேண்டும் என்று
கட்டாயமில்லை போலும்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து
ஒரு ஜனவரியில் குடியரசும் உதிர்ந்தது.
இப்போது வெறும் பெயர்.
பட்டம் வேண்டாத அளவுக்கு வளர்ந்துவிட்டதா,
பட்டம் சொல்லக் கூசுகிறதா,
எனக்குத் தெரியாது.
எனக்கு வந்தது ஒரு புது ரப்பர் முத்திரை,
பழையதைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு சீட்டு.

அந்த வாரம்தான் அவள் வந்தாள்.
மணவிலக்கு ஆனவள்.
கையில் திருமணப் பத்திரம்:
வர்யாஷ் அதோர்யான்னே.
அதோர்யானின் மனைவி. அவ்வளவுதான்.
கணவன் பெயரின் வாலில் ஒரு நே ஒட்டினால்
ஒரு பெண் முழுதாக உள்ளே போய்விடுவாள்,
அது எங்கள் வழக்கம்.
"இந்த நேயை எடுத்துவிடுங்கள்.
என் பெயர் கிங்கா.
பொத்னார் கிங்கா."
சொல்லி நாளாகிவிட்டதால்
நாக்கு சற்றுத் தடுக்கியது.

பத்திரத்தை விரித்தேன்.
அக்டோபர் இருபத்தெட்டு, சனிக்கிழமை.
மேலே கோடு விழாமல்
நேப் அப்படியே இருந்தது.
ஐந்து நாள் முன்பே செத்துப்போன நாட்டில்
இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறோம்.
கீழே கையெழுத்து
என்னுடையது.

அவளிடம் காட்டினேன்.
"அப்படியானால் செல்லாதா?"
செல்லும் என்றேன்.
"தலைப்பே பொய் என்றாலுமா?"
என்றாலும்.
கொஞ்ச நேரம் அந்த மூன்று எழுத்தையே பார்த்தாள்.
"அதை எப்படி எடுத்தீர்கள்?"
ஒரு தொலைபேசி வந்தது, எடுத்தோம்.
"இதற்கு?"
இரண்டு படிவம், கட்டணம், முப்பது நாள்.

அவள் சிரித்த சிரிப்புக்கு
இந்த முறை நான் கதவைப் பார்த்தேன்.

நிரப்பினேன்.
கையொப்பக் கட்டத்தில் பேனா தானாக ஓடியது:
கெரேகெஷ் தேனெஷ்னே.
இருபத்தாறு வருஷமாக ஓடும் கை.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து
தலைகீழாக அதை வாசித்தவள்
கடைசி எழுத்தில் நின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ரசீதை மடித்துக்கொண்டு போனாள்.

இழுப்பறையில் அந்த மர அளவுகோல் இருக்கிறது.
ஒரு விளிம்பு முழுக்கக் கறுப்பு.