பொழுதோட

என் ஆய்வேட்டுக்கு நூறு பேர் வேண்டும்.
நூறு ஸ்கரப் டைஃபஸ்.
பூச்சி கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல்
ஒரு கருத்த பொருக்கு
இருந்தால் படம் எடுத்துக்கொள்வேன்.
எண்பத்து மூன்று வரை வந்துவிட்டேன்:
சோளக்காட்டில் தட்டு அறுத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள்,
பேரூர்ப் பக்கம் விடுதி மாணவன் ஒருவன்,
கடி இருந்த இடத்தை நான் கண்டுபிடித்ததை
அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

தேவாத்தாள் எண்பத்து நாலாக வந்தாள்.
சோமனூர். விசைத்தறி, ராத்திரி ஷிஃப்ட்.
பத்தொன்பது நாள் காய்ச்சல், வீங்கிய மணிக்கட்டு,
எச்சில் விழுங்க முடியாத தொண்டை.
அக்குள், மார்புக்கடி, காதுமடலின் பின்புறம்
டார்ச் அடித்துத் தேடினேன்.
"என்னங்க தேடறீங்?"
"பூச்சி கடிச்ச தடம்."
"எங்களக் கடிக்க அங்க என்னங்க இருக்குது,
பஞ்சுந் தூசியுந்தானுங்."

டாக்ஸிசைக்ளின் ஐந்து நாள். இறங்கவில்லை.
ரத்தக் கல்ச்சர் மூன்று முறை, வளர்ச்சி இல்லை.
சளியில் இல்லை, எலும்பு மஜ்ஜையில் இல்லை.
வீட்டில் வெள்ளாடு உண்டு என்றதால் புரூசெல்லா,
அதுவும் இல்லை.
ஃபெரிட்டின் மட்டும் பதினோராயிரம்.
லேப் தப்பு என்று திரும்ப அனுப்பினேன்.
பன்னிரண்டாயிரத்து நானூறு.

காலை ரவுண்ட்ஸில் கேட்டார்கள்: தடிப்பு உண்டா?
இல்லை என்றேன்.
ஒன்பது மணிக்குத் தேவாத்தாள்
காய்ச்சலே அறியாதவள்போல் பன்னைப் பிய்த்து
டீயில் நனைத்துக்கொண்டிருப்பாள்.
"பொழுதோட வருதுங்" என்று அவள் சொல்லியிருந்தாள்.
நான் நாகப்பட்டினத்துக்காரி.
பொழுதெல்லாம் என்று எடுத்துக்கொண்டு
'எப்போதும்' என எழுதிவைத்தேன்.
நான்கு நாள் கழித்து, படுக்கை விரிப்பு மாற்ற வந்த
சரோஜா கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்துவிட்டு,
"பொழுதோடன்னா சாயங்காலமுங் டாக்டர்" என்றாள்.
நான்கு நாள்.

ஆறரை மணிக்குப் போனேன்.
நூற்று மூன்று டிகிரி, பற்கள் தந்தியடிக்கின்றன.
சால்மன் நிறத் தடிப்பு என்கிறது புத்தகம்,
வெள்ளைத் தோளின் படமும் போட்டிருக்கிறது.
எங்கள் ஊர்க் காலாவை இந்தியன் சால்மன் என்று விற்பார்கள்,
அதன் சதை வெள்ளை.
தேவாத்தாளின் கறுத்த தொடையிலோ
இரண்டாம் அலசலுக்கே போய்விடும் மட்டச் சாயம்
துணியில் விட்டுச்செல்கிற சிவப்பு.
சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது, நேரே பார்த்தால் இல்லை.
பாவாடை நாடா இறுக்கிய இடுப்பில் மட்டும்
நாடாவின் அகலத்துக்கே
ஒரு கோடு, தெளிவாக.

அழற்சி என்ற சொல்லில் அழல் இருக்கிறது.
யார் மூட்டியது என்று அதில் இல்லை.
வெளியாள் வைத்ததென்றால்
ஸ்டீராய்டு அவனுக்கு நானே இலைபோட்டுப் படைக்கும் விருந்து.
வீட்டுக்காரனே வைத்ததென்றால்
காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஈரல் வெந்துகொண்டிருக்கிறது.
பெரியவர்களும் இரண்டு பக்கமாகப் பேசினார்கள்.
காசநோய்க்கு இன்னொரு முறை துழாவினோம்.
பிறகு மருந்துச் சீட்டில் எழுதிய கை
என்னுடையது. அன்றிரவு
விடுதி மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் பொழுதோட போனேன்.
தெர்மாமீட்டரை இரண்டு முறை உதறி வைத்தேன்.
தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.
"திங்கக்கெழம தறிக்குப் போலாங்களா?"
கூடாது என்றேன்.
"அப்ப அந்தத் தறிய வேறொருத்திக்குக்
குடுத்துப்போடுவாங்கொ" என்றாள்,
என்மேல் கோபமில்லாமல், கணக்குச் சொல்வதுபோல.
அதற்கு என்னிடம் மாத்திரை எதுவும் இல்லை.

ஆய்வேட்டில் அவளுக்கு இடமில்லை.
சேர்க்கப்படாதவர்கள் பதினேழு பேர் என்று ஒரு பெட்டி,
உள்ளே சிறிய எழுத்தில்: வேறு நோய், ஒன்று.
எண்பத்து நாலாவது இடத்தில் இப்போது
பொள்ளாச்சிப் பக்கத்து மரமேறி ஒருவர்.
முழங்காலின் மடிப்பில்
கச்சிதமான கருத்த பொருக்கு.
படம் நன்றாக வந்திருக்கிறது.