அடுத்த சைஸ்

"மேஸ்திரி இல்லையா?"
என்றுதான் கேட்டான் திம்மராயனும்.
வளையலைக் கழற்றி வைஸ் மேல் வைத்துவிட்டு
லேத்தை ஓட விட்டேன்.
அப்புறம் அவன் கேட்கவில்லை.

சாக்கில் ஆர்.எக்ஸ். நூறின் இஞ்சின்,
துணிப்பையில் நூற்று முப்பத்தைந்தின் பிளாக்.
பர்கூரில் பழைய இரும்புக்காரனிடம் வாங்கியது.
பேரம் பேசிய கதையை மட்டும் பத்து நிமிஷம் சொன்னான்.

டிப்பர் ஓட்டுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
ஜெகதேவிப் பக்கம் கல் தீர்ந்துபோன குவாரியில்
முள்டயர் வண்டியோடு ஏறுகிறவன்.
மலையைப் படிபடியாய் அறுத்து விற்ற இடம் அது.
மூன்றாம் படி வரை நூறு சிசி போகும்.
"நாலாவது ஏறணும்க்கா."

பெரிசாக்குவது என்றால்
எதையோ கூட்டுவது என்று நினைக்கிறார்கள்.
நான் எடுக்கிறவள்.
கேஸ் வாயை அகல வெட்டினேன்,
அலுமினியம் ஜரிகைபோல் சுருண்டு விழுந்தது.
பிளாக்கின் உள்சுவரைக் கடைந்தேன்,
வார்ப்பிரும்பு சுருளாது,
கறுப்பு மாவாய் உதிரும்,
மூக்கைச் சிந்தினால் மூன்று நாள் வரும்.
அவன் கேட்ட பலம் முழுக்க
என் காலடியில் குப்பையாய்க் கிடந்தது.
பெருக்கி அள்ளினேன்.

"எவ்ளோ விடறீங்க?"
"ரெண்டு தௌ."
தலைமுடியை விட மெல்லிசான காற்று,
பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில்.

ஒரு வாரம் பால்வண்டி மாதிரி ஓட்டு, ஜெட்டை மாத்து
என்று அனுப்பினேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வந்தான்,
முழங்கையில் தோல் இல்லாமல்.
"மூணாவது முடியறப்போ இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.
பின்சக்கரம் அப்படியே நின்னுபோச்சு.
ஜெட் மாத்தலைக்கா. என் தப்புதான்."

பிஸ்டனை வாங்கி
வாசல் வெளிச்சத்தில் திருப்பினேன்.
பெட்ரோல் பத்தாமல் பிடித்தால்
சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருக்கும்.
இதில் நாலு கோடு.
நாலு மூலைக்கும் ஒன்று.

நாலு கோடு என்றால் இடம் பத்தவில்லை.
சூடேறியவன் விரியப் பார்த்திருக்கிறான்,
சுவர் விடவில்லை.
அந்த இடத்தை விட்டிருக்க வேண்டியவள் நான்.

அவனோ தப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.
பேசாமல் இருந்தால் கூலியும் நிற்கும்,
இத்தனை வருஷத்தில் சேர்ந்த பேரும் நிற்கும்.
ஒரு டீ குடிக்கும் நேரம்
பேசாமல்தான் இருந்தேன்.

"ஜெட் இல்லப்பா. நான்தான்.
மூணு விட்டிருக்கணும்."

நம்பவில்லை. பிஸ்டனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பொய்யை நான் சொல்வதுபோல.
"இப்போ என்ன பண்றது?"
"அடுத்த சைஸ்."

எங்கள் தொழிலில் ரப்பர் வைத்து அழிக்க முடியாது.
கோடு மறையும் வரை இன்னும் எடுக்க வேண்டும்.
கால் எம்.எம். ஓவர்சைஸ் அரையாகும்.
ஒவ்வொரு தப்புக்கும்
இஞ்சின் கொஞ்சம் பெரிசாகிறது.
லைனர் எத்தனை தப்பு தாங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு.
அதைத் தாண்டினால்
விரலால் சுண்டும்போது சத்தமே வேறு.

கூலி போடவில்லை.
புது பிஸ்டன் காசில் அவன் பாதி, நான் பாதி.
ஜெட்டை என் கண்முன்னால் மாற்ற வைத்தேன்,
அதுவும் சின்னதுதான்.

ஞாயிறு. "நீங்களே பாருங்கக்கா" என்று சாவியைத் தந்தான்.
முதல் படி. இரண்டாவது.
ஆக்சிலரேட்டர் பாதி தாண்டியதும்
வண்டி என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தது,
உள்ளங்கையில் தேன்கூடு கலைந்தது.
மூன்றாம் படி நடுவில் முழுசாய்த் திருகி,
திருகியபடியே
கிளட்ச்சைப் பிடித்து சுவிட்சை அணைத்தேன்.

அறுத்த பாறை இரண்டு தரம் சத்தத்தைத் திருப்பித் தந்து
அடங்கியது.
குழியில் பச்சைத் தண்ணீர்.
துப்பட்டா முனையால் பிளக்கைப் பிடித்துக் கழற்றினேன்.
வெளுத்திருந்தால் பட்டினி,
கறுத்திருந்தால் செரிக்கவில்லை.

"என்ன கலருக்கா?"
கீழேயிருந்து கத்துகிறான்.

களி கலர், என்றேன்.
இப்போதான் கிண்டி இறக்கின
ராகிக் களி.

நாலாம் படி மேலே இருந்தது.
பிளக் ஆறுகிற வரைக்கும்
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.